குசினி மூலையில் இருந்த முட்டி

அக்கா குடித்துவிட்டு வைத்த பேணியைக் கழுவ எடுத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

அன்று காலை திருநெல்வேலியில், பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய், ஒரு பழைய வெளிநாட்டு மருத்துவ சஞ்சிகையைப் புரட்டியிருந்தேன். கர்ப்பிணி குடிக்கும் மது அவளோடு நின்றுவிடுவதில்லை, இரத்தத்தில் கலந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது, மூளை வளரும் மாதங்கள் முழுவதும் அது கெடுதல் செய்யலாம் என்று அதில் இருந்தது. வாசித்துவிட்டு மூடி வைத்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பெண் குடிக்கிறாள்? பலாலி வீதியால் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, பேணியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். புளிப்பு. புளிப்புக்குப் பின்னால் இன்னொன்று.

பேணியில் இருந்தது கருப்பணி. பனஞ்சாற்றைச் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் இனிப்பாக நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அத்தான் கொழும்பில். எதைச் சாப்பிட்டாலும் அவளுக்குச் சத்தி. கருப்பணி மட்டும் வயிற்றில் நின்றது. காலையில் வருவதை அம்மா குசினி மூலையில் ஒரு மண்முட்டியில் ஊற்றி வைப்பார். சண்டையால் மின்சாரம் நின்று எவ்வளவோ காலம். எங்கள் குளிர்சாதனப்பெட்டி உடுப்பு வைக்கும் அலுமாரியாகியிருந்தது. அக்கா பொழுதுபடும்வரை அந்த முட்டியிலிருந்தே அள்ளிக் குடிப்பாள். பின்னேரம் நல்ல நித்திரை, கன்னத்தில் சிவப்பு. "பிள்ளைத்தாச்சிக்கு நிறம் வருது" என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கோ அன்றிலிருந்து அந்த நித்திரையில் நம்பிக்கை போய்விட்டது.

முதல் சந்தேகம் சாறு கொண்டுவருபவர் மேல். மறுநாள் விடிய, படலையடியிலேயே அவரை மறித்தேன்.

"அண்ணை, முட்டிக்குச் சுண்ணாம்பு ஒழுங்காய்ப் பூசுறனீங்களோ?"

ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தங்கச்சி, கள்ளுத் தாறன் எண்டு நினைக்கிறியளோ? கள்ளெண்டால் தவறணையிலை கூடின விலைக்குக் குடுத்திருப்பனே. உங்கடை வீட்டுக்கு மட்டும் ஏன் தருமம் செய்யிறன்?"

நியாயமான பதில். ஆனால் ஆயத்தமாக வைத்திருந்த பதில் போலவும் எனக்குப் பட்டது.

சாறு புளிக்கும்போது மதுவும் உண்டாகும், வாயுவும் உண்டாகும். மதுவைக் கண்ணால் பார்க்க முடியாது, வாயுவைப் பிடிக்கலாம். மருதனார்மடச் சந்தியில் ஒரு கடையில் பழைய சரக்காகக் கிடந்த இரண்டு பலூன்களை வாங்கினேன். ஒரு போத்தலில் சாறு கொண்டுவருபவர் நேரே ஊற்றிய கருப்பணி. மற்றதில் எங்கள் முட்டியில் மத்தியானம் அள்ளியது. இரண்டின் வாயிலும் பலூனை மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, யன்னலில் வைத்தேன்.

அம்மா கண்டுவிட்டார். "ஏதடி உது? ஆரும் பாத்தால் குண்டு செய்யிறாள் எண்டெல்லோ சொல்லப்போகினம்! எடுத்து உள்ளுக்கு வை."

"பலூன் ஊதுதோ எண்டு பாக்கிறன், அம்மா."

"ஏன், உன்ரை வாயாலை ஊத ஏலாதோ?"

பொழுதுபடும்போது, சாறு கொண்டுவந்தவர் ஊற்றிய போத்தலில் பலூன் துவண்டே கிடந்தது. முட்டியில் அள்ளிய போத்தலில் மற்றது எழும்பி நின்று, காற்றுக்குத் தலையாட்டியது. ஆக, சாறு நல்லதாகத்தான் படலைக்குள் வருகிறது. கெடுவது எங்கள் வீட்டுக்குள்.

அக்காவிடம் காட்டினேன். அவள் பலூனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"என்னை வேவு பாக்கிறியோ? அக்கா கள்ளுக்குடி எண்டு ஊருக்குச் சொல்லப்போறியோ?"

"நீ கள்ளுக் குடிக்கேல்லை, அக்கா. கருப்பணி உந்த முட்டிக்குள்ளை கள்ளாகுது."

"கண்டறியாத பரிசோதனை. இவ்வளவு நாளும் குடிக்கிறன், எனக்கென்ன வெறிச்சதோ?"

அம்மாவுக்கு அதைவிடக் கோபம். "எங்கடை குசினிக்குள்ளை கள்ளு வாறேல்லை, தெரியுமோ?"

"சனிக்கிழமை அப்பம் சுட்டனீங்களே. மாவைப் புளிக்க வைச்சது எதாலை?"

"அது அப்பத்துக்கு."

"அந்தக் கள்ளை எதுக்குள்ளை வைச்சனீங்கள்?"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினார். பிறகு மூலையைப் பார்த்தார். "கழுவிப்போட்டுத்தானே உதுக்குள்ளை கருப்பணியை விடுறனான்" என்றார். குரல் பாதியாகியிருந்தது.

மண்முட்டியைத் தண்ணீரில் அலசினால் போதுமா? கள்ளைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதன் துவாரங்களுக்குள்ளேயே குடியிருக்கும். அப்பத்துக்கு வந்த கள்ளை எங்கள் வீட்டில் ஒருவரும் கள்ளென்றே எண்ணியதில்லை. முட்டியைத்தான் பிடித்துவிட்டேன் என்று ஒரு இரவு முழுவதும் துள்ளினேன். விடிந்து பார்த்தால் முதல் போத்தலின் பலூனும் மெல்லத் தலை தூக்கியிருந்தது. இந்த வெக்கையில், குளிரூட்ட வழியில்லாமல், நல்ல கருப்பணியும் வைத்திருந்தால் கள்ளாகத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பாத்திரத்தையும் நான் நம்பவில்லை.

அன்று அக்கா கருப்பணி கேட்கவில்லை. மத்தியானம், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டாள்: "அப்ப, இவ்வளவு நாளும் குடிச்சதுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவேயில்லை. சஞ்சிகையில், அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் முகங்களைப் போட்டிருந்தார்கள்: மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையில் தட்டையான தோல். இரண்டு நாளாகச் சந்தியில் கண்ட பிள்ளைகளின் உதடுகளையெல்லாம் நான் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் பல பிள்ளைகளின் முகத்தில் ஒன்றுமே தெரியாது என்றும் அதே பக்கத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரலாம்: சொன்னது மனதில் நிற்காது, கணக்கு ஏறாது, ஓரிடத்தில் இருக்க முடியாது. வாத்தியார் குழப்படிக்காரன் என்று அடிப்பார்.

"எவ்வளவு குடிச்சால் பிழை?" என்றாள்.

"இவ்வளவெண்டால் பயமில்லை எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. ஆனால் எப்ப நிப்பாட்டினாலும் அந்த நாளிலையிருந்து பிள்ளைக்கு நல்லம்."

"நீ ஆறுதலுக்குச் சொல்லுறாய்."

"இல்லை. அதையும் வாசிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன்."

அவள் நம்பினாளோ தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

அங்கே மருத்துவிச்சி தலை நிமிராமல் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "குடி, புகை ஒண்டும் இல்லைத்தானே?" இல்லை என்பதைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிற கேள்வி. வரிசை முழுவதும் "ஐயோ, இல்லை" என்றது. அக்காவின் முறை வந்தது. "இல்லை" என்றாள். எழும்பப் போனவள் திரும்ப இருந்தாள்.

"கருப்பணி குடிச்சனான், மிஸ். அது புளிச்சுப்போச்சுது. எனக்குத் தெரியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, "உதுக்கென்ன, நானும் குடிக்கிறனான்" என்றாள். அதற்கப்பால் ஒரு குரல்: "எனக்கு மாமி ஒவ்வொரு நாளும் அரிஷ்டம் தாறவ. அதுவும் புளிக்க வைக்கிறதுதானே?"

மருத்துவிச்சி இப்போதுதான் நிமிர்ந்தார். அக்காவைத் திட்டவில்லை. "சொன்னது நல்லது. டொக்டரிட்டையும் சொல்லுங்கோ. இப்ப பாத்து ஒண்டும் சொல்லேலாது, பிறந்தாப்போலையும், வளர வளரவும் பிள்ளையைக் கவனிச்சுப் பாக்கவேணும்" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த ஆயுர்வேத அரிஷ்டத்தின் யோசனைதான். அது புளித்து முடிந்த சாமான்; பலூன் எழும்பாது. எழும்பாவிட்டாலும் உள்ளே மது இருக்கும். என் பரிசோதனையையே இனி நான் நம்ப முடியாது. மருத்துவிச்சி கேட்கிற கேள்வியை மாற்றினால் என்ன?

மருத்துவிச்சியிடம் அனுமதி கேட்டாயிற்று. "கூடக் கதைச்சு ஆக்களைப் பயப்பிடுத்தாதை" என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். கஞ்சித் தண்ணீர் வயிற்றில் நிற்கிறது. வருகிற கிளினிக் நாளில் வரிசையின் தொடக்கத்தில் ஒரு வாங்கு போட்டு உட்கார்ந்து, குடிக்கிறீர்களா என்று ஒருவரிடமும் கேளாமல், "காலமை எழும்பினதிலிருந்து என்னென்ன குடிச்சனீங்கள், எதுக்குள்ளை வைச்சுக் குடிச்சனீங்கள்?" என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன். முதல் ஆளாகத் தானே இருந்து பதில் சொல்லுவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் மற்றவர்களுக்கும் வாய் திறக்குமாம்.