விசாரணைக்கு வந்தவருக்குக் காப்பி

நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. சேலத்தில் இண்டர்மீடியட் சேர்ந்த வருஷம், கல்லூரி நோட்டீஸ் போர்டு பக்கமே போகமாட்டேன். சம்பளம் கட்டாதவர்களின் பெயரை நீக்கி, அந்தப் பட்டியலை அதில்தான் ஒட்டுவார்கள்.

சம்பளச் சலுகை கேட்டு நான் எழுதிய முதல் மனு திரும்பி வந்துவிட்டது. நாகரசம்பட்டியில் அப்பா பேரில் நிலம் இருந்ததுதான் காரணம். உழவு மாடுகளைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப்போன அப்பா, விற்ற பணத்தோடு அப்படியே போய்விட்டதும், மாடில்லாத நிலம் தரிசாகக் கிடப்பதும் பட்டாவில் எழுதியிருக்குமா என்ன? ஊரில் யார் கேட்டாலும், அவர் கோலார் தங்கவயலில் வேலையாயிருக்கிறார் என்பாள் அம்மா.

இரண்டாவது மனுவில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சலுகை விஷயமாக ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்து உட்கார்ந்த நாற்காலி எதிர்வீட்டு பாயுடையது. காப்பி கொடுத்த வெள்ளி டம்ளரும் அவர்கள் வீட்டதுதான். நெய் மணக்க உப்புமா வேறு. ஆபீசர் வந்தால் சும்மா அனுப்புவதா என்பது அம்மாவின் நியாயம். அவர் கண் டம்ளரிலிருந்து உப்புமாவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சாப்பாட்டுக்கெல்லாம் சிரமமாம்மா?” என்றார்.

“ஒரு கொறையும் இல்லீங்க,” என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்தவரிடம் வேறெப்படிச் சொல்வாள்?

அவர் எழுதத் தொடங்கினார். என் படிப்பு அத்தோடு தீர்ந்தது என்று தெரிந்தது.

“டம்ளர் எங்களுது இல்லீங்க,” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. நாற்காலி, நெய், இரண்டு நாளாகக் களி கூடக் கிண்டாதது, அப்பா கோலாரில் இல்லாதது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

நல்ல மனுஷர். முதலில் எழுதியதை அடித்துவிட்டு, கணவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதி வாசித்துக் காட்டி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்.

அம்மா கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். “இது ஊர்ல யாருக்கும் தெரியாதுங்களே?”

“ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்மா.”

அம்மா வெள்ளி டம்ளரை எடுத்துத் தனியாக வைத்தாள். பிறகு என்னிடம், “போயி கூட்டியா,” என்றாள்.

கூட்டிவந்தேன். என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம் வழியிலேயே என் வாயால் சொல்லவும் வேண்டியிருந்தது.

சலுகை கிடைத்தது. அதற்குப் பிறகு அம்மா, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் ஊர்க் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.