ரிப்போர்ட் நார்மல்

கத்திரி வெயில் காலத்தில் ஷிப்ட் பஸ்ஸில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். அந்த மாதத்தில் நெய்வேலியில் பஸ் கம்பியைத் தொட்டாலே கை சுடும். எனக்கோ குளிர் எலும்புக்குள்ளிருந்து வந்தது. "இன்னாண்ணே, ஊட்டிக்கா போறோம்?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் பராமரிப்பு என் வேலை. ஓடுகிற பெல்ட்டின் ஓரமாக வெகுதூரம் நடந்து, உருளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரும்புப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். வருஷக்கணக்காக அதைச் செய்தவன் பாதிப் படியில் நிற்க ஆரம்பித்தேன். உடம்பு ஊதியது, குரல் தடித்தது, இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் விடிய விடியக் கண் விழித்தவன் போலிருந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்றார். "காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ஆயுசுக்கும் போடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஷிப்ட் இன்சார்ஜிடம் படி ஏறாத வேலையாகக் கேட்டேன். "அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே?" என்றார். "என் வீட்லயும்தான் அந்த மாத்திரை போடுறாங்க. சமையல், துணிமணி எல்லாம் அவங்கதானே பாக்குறாங்க?" எப்படி முடிகிறது என்று அந்த அம்மாவிடம் அவர் ஒருநாளாவது கேட்டிருப்பாரா என்று யோசித்தேன். அதை அவரிடம் நானும் கேட்கவில்லை.

சில மாதங்களில் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. குளிர் விட்டது, அசதி மட்டும் விடவில்லை. டாக்டரிடம் சொன்னேன். "எடை குறைங்க, தினமும் நடங்க" என்றார். நடந்து பிழைக்கிறவனிடம்!

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஷிப்டில் வேலை பார்க்கும், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர் ஒருவர், பைக்குக்குக் குறுக்கே மாடு வந்ததில் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். நானும் என் மனைவியும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். வீடு நிறையக் கூட்டம். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். வேலைக்குத் திரும்பியதும் டூல் ரூமில் உட்கார்ந்து சாமான் எடுத்துக்கொடுத்தால் போதும் என்று இன்சார்ஜே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

திரும்பும் வழியில் மனைவி, "பாவம், ஓடியாடித் திரிஞ்ச மனுஷன்" என்றாள்.

"எனக்கும்தான் முடியல."

"உங்களுக்குத்தான் நார்மல்னு வந்துருச்சே."

வண்டியை ஓரங்கட்டினேன். "நீயுமா?" என்று ரோட்டிலேயே கத்தினேன்.

அவள் இறங்கி நின்றாள். "ஒரு கட்டா, காயமா? நான் எதைப் பாத்துங்க தெரிஞ்சுக்கறது? ஞாயித்துக்கெழம முழுக்கப் படுத்துக் கெடக்கறீங்க. கோவமா, அலுப்பா, என்மேல வெறுப்பான்னே புரியல."

அவள் கேட்டதில் தப்பில்லை. அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

வடக்குத்துக்காரர் வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் பாதிப் படியில் கால் எழாமல் உட்கார்ந்துவிட்டேன். கீழிருந்து பார்த்த இன்சார்ஜ், ஆட்களை வைத்துக்கொண்டே கத்தினார். "பர்மனென்ட் ஆயிட்டா இப்படித்தான். தூங்குறதுக்குத்தான் வர்றீங்களா?"

"ஆமா சார், தூங்கத்தான் வரேன்!" என்றேன். "என் காலையும் யாராவது ஒடைச்சுவிடுங்க. அப்பவாவது நம்புவீங்க!"

பெல்ட் இரைச்சலையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் கேன்டீனில் வடக்குத்துக்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கட்டுப் பிரித்திருந்தார், நடையில் இன்னும் சாய்வு இருந்தது.

"கட்டு இருந்தப்ப பையத் தூக்கிகினு வர எத்தினி பேரு தெரியுமாண்ணே? பிரிச்ச மறுநாளே, 'இன்னுமா நொண்டற, நடிக்காதடா'ன்றானுங்க. வலி அப்படியேதான் இருக்குது." டீயை உறிஞ்சினார். "பஸ்ல அன்னிக்கு ஊட்டின்னு சொன்னது நான்தாங்க. தப்புதாங்க."

ஒன்றரை வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்.

பிறகு அவரே இன்சார்ஜிடம் போய், "டூல் ரூமுக்கு அவர அனுப்புங்க சார், நான் மெதுவா ஃபீல்டுக்குப் போயிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டார். கோபம் ஆறியிருந்தது, கரிசனமாகத்தான் பேசினார்.

"சரி, டூல் ரூம்ல இருங்க. உடம்பு சரியாகுற வரைக்கும். எப்ப சரியாகும்?"

"இது சரியாகுற நோயில்ல சார். இருந்துகிட்டே இருக்கும்."

"அப்படிச் சொன்னா எப்படி? ஒரு மூணு மாசம்னு வச்சுக்குவோமா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.