தோல் படம் போடாத தோல் துறை

ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத் துறை என்று ஒன்று உண்டு. நான் அதில் பாடம் நடத்துகிறேன். முதலாண்டில் பாதி இடமாவது நிரம்பாவிட்டால் துறையை மூடிவிட்டு எங்களை வேதியியலோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வேதியியல்காரர்கள் அப்போதே வந்து எங்கள் அறைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஜன்னலை அளந்தார்.

வெப்சைட்டைப் புதுப்பித்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று முடிவானது. பழைய சைட்டைத் திறந்தால் முதல் படமே, தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்மும், அதன் வாயிலிருந்து சொதசொதவென்று சரியும் ஈரத்தோலும்தான். துறைத்தலைவர் ஆம்பூர்க்காரர். பரம்பரையாகத் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம். அவரே சொன்னார்:

"தோல் போட்டோ மட்டும் வேணாம்மா. பாக்கறவங்களுக்கு பேஜாராயிடும்."

"தோல் டிபார்ட்மென்ட்டுக்கு வேற என்ன சார் போடறது?"

"மைக்ராஸ்கோப் போடுங்க. மரம் ஜாஸ்தியா போடுங்க. பொண்ணுங்க வெள்ளை கோட்டுல சிரிக்கிற மாதிரி ஒண்ணு."

எங்கள் மாணவிகள் சிரிக்க மறுத்ததால் வேதியியலிலிருந்து இரண்டு பேரைக் கடன் வாங்கினோம். சைட் செய்த பையன் சென்னையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்தான். பார்த்தால் ஊட்டியில் ஏதோ கான்வென்ட் மாதிரி இருந்தது.

தஞ்சாவூரிலிருந்தெல்லாம் போன் வந்தது. ஒரு குடும்பம் மகனோடு நேரிலேயே வந்துவிட்டது. உட்கார்ந்ததும் அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா மரியாதையானவர். "பக்கத்துல ஏதாவது செத்துக் கெடக்கா சார்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

தலைவர் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தார். "இல்லியே," என்றார். நானும் இழுத்துப் பார்த்தேன். டீ வாசனைதான் வந்தது, சத்தியமாக.

அவர்கள் டீயைத் தொடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த குடும்பம் கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் டேனரி. இந்த ஊர்ப்பக்கமே பிறந்து வளர்ந்த நாங்கள் மீட்டிங் மேல் மீட்டிங் போட்டோம், எழுத்தின் நிறத்துக்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டோம், நாற்றத்தைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. மறைக்கவெல்லாம் இல்லை. எங்கள் மூக்குக்கு அது தெரியவே தெரியாது.

எனக்கு வந்த எரிச்சலில் டிரம் படத்தைத் திரும்பப் போட்டு, அதற்குக் கீழே எழுதினேன்: 'இங்கே தோல் நாற்றம் அடிக்கும். எதிரிலேயே டேனரி இருக்கிறது. ஒரு மாதத்தில் பழகிவிடும்.'

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, கடையத் தொறந்து வச்சிக்கினு நீங்களே வராதேன்றீங்களா?"

"வந்துட்டுத் திரும்பிப் போறதுக்கு வராமலே இருக்கட்டும் சார்."

தஞ்சாவூர் போன் நின்றது. பதிலுக்கு, டேனரிகள் நிறைந்த பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுக்காக நாங்கள் ஒரு மீட்டிங்கூடப் போட்டதில்லை. சேர்க்கையின் கடைசி நாள் மதியம் பாதிக்கு ஒரே ஒரு இடம் குறைந்தது. வேதியியல்காரர் ஒருவர் எங்கள் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து இல்லை.

"அப்பா வரலியாம்மா?"

"கேட்டுக்கு வெளிய நிக்கறாரு மிஸ். டேனரியில வேல. ஷிப்டு முடிஞ்சி நேரா வந்துட்டோம். காலேஜுக்குள்ள வந்தா வாடை அடிக்கும், உன்னைத்தான் கொறைவா நெனப்பாங்கன்னு வரமாட்டேன்றாரு. ஸ்கூலுக்கும் அப்டித்தான், ஒரு நாளும் உள்ள வந்ததில்ல."

தலைவர் எழுந்து போனார். திரும்பி வரும்போது அந்த மனிதரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வந்தார். அவள் அப்பா நாற்காலி நுனியில், எங்கள் யார் மேலும் பட்டுவிடாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். துறை பிழைத்துவிட்டது என்பது மறுநாள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.