அம்மாவின் நாற்றுப் பந்தலில் அடித்த மருந்து

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் இந்த நினைவு மலர் வழியாக மகளாக நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா உயிரோடிருந்தவரை அதைச் சொல்ல என்னை விடவில்லை.

அம்மா பிறந்தது வரதராஜன்பேட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது செந்துறையில். எழுபதுகளில் ஒருநாள் அப்பா பருத்திக்கு மருந்தடித்தபோது காற்று திரும்பி முகத்தில் வீசியது. வாயில் நுரை தள்ளி வரப்பிலேயே சாய்ந்தார். அரியலூர் பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பின் பூச்சிமருந்து டப்பா எதையும் அம்மா வீட்டுப் பக்கம் அண்டவிடவில்லை.

பிழைப்புக்காகக் கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்தார். கிணற்றடியில் கீற்றுப் பந்தல் போட்டு நான்கு பக்கமும் வலை கட்டினார். நிழலில் நாற்று செழித்தது. அடைத்த இடமாதலால் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயும் அசுவினிப் பூச்சியும் சேர்ந்தே செழித்தன. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, வடிகட்டித் தெளிப்பார். மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் பூசித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ போய் ஒட்டிக்கொள்ளும். சோளக்கொல்லையிலிருந்து பொறிவண்டுகளை முந்தானையில் பிடித்து வந்து உள்ளே விடுவார். அவை அசுவினியைத் தின்னும்.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, பந்தல் வேலையில் பாதியைப் பார்த்துக்கொண்டார். அம்மா அவரைப் பெற்ற பிள்ளையைப் போல நம்பினார்.

ஒரு ஆடியில் பெரம்பலூரிலிருந்து நிறைய நாற்று கேட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பூச்சி மிஞ்சிவிட்டது.

"இந்த ஒரு தடவை மருந்து அடிச்சுடலாங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் சித்தப்பா.

"வேணாம் தம்பி. உங்க அண்ணன் எப்படிப் போனாருன்னு மறந்துட்டீங்களா?"

அவர் தலையாட்டினார். அப்பாவின் திதிக்காக அம்மாவும் நானும் திருமழபாடிக்குப் போய் ஒருநாள் தங்கினோம்.

திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். பந்தலில் வேலை செய்யும் அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாத்தியில் பறித்த களையை வழக்கம்போலத் தன் ஆடுகளுக்குப் போட்டிருக்கிறார். இரண்டு ஆடும் செத்துக் கிடந்தன.

"மருந்தே அடிக்கிறதில்லன்னு சொன்னீங்களே அக்கா!" என்று அம்மாவைப் பார்த்துக் கதறினார்.

அம்மா நேரே பந்தலுக்குள் போனார். பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. நாலைந்தை உள்ளங்கையில் அள்ளிவந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அண்ணிதான் என்னத்தையாவது கலக்கி ஊத்துவாங்க."

அம்மா கறவையிலிருந்த எங்கள் பசுவை அவிழ்த்து, ஆடுகளுக்கு ஈடாக அஞ்சலை அக்காவிடம் கொடுத்தார். நாற்று முழுவதையும் பிடுங்கிக் குழிதோண்டிப் புதைத்தார். அதன்பின் நாற்று வாங்க யாரும் வரவில்லை. பொய் சொல்லி விற்றவர் என்ற பேர்தான் மிஞ்சியது.

"ஏம்மா உண்மையச் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவரு வாயால சொல்லட்டும்."

சித்தப்பா சொல்லவில்லை. தனிக்குடித்தனம் போனார். நல்லது கெட்டதுக்கு வந்தார், அம்மா கையால் சாப்பிட்டார், போனார்.

மறுவருஷம் அஞ்சலை அக்காதான் தானாக வந்தார். "அந்த வேப்பந்தண்ணியில கைய விட்டுக் கலக்குனவ நான். அதுல ஆடு சாவுமா? அழுத அழுகையில யோசிக்காம பேசிட்டேன்க்கா" என்றார். இருவருமாகப் பந்தலை மறுபடி போட்டார்கள். மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள்.

கடைசி நாட்களில் படுக்கையில் இருந்த அம்மா, கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம், "தம்பி வந்துட்டாரா?" என்பார். சித்தப்பா அம்மா இறந்த பிறகு பூமாலையோடுதான் வந்தார். எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார்.

அம்மாவை வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், இரவு பகலாகத் துணையிருந்த தெருவாருக்கும், கடைசிவரை அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட அஞ்சலை அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரில் சித்தப்பாவுக்கு உரிய பிரதியை நேற்றே நான் நேரில் போய் அவர் கையில் கொடுத்துவிட்டேன்.