முசிறி ரோட்டில் ஒரு தகரக் கதவு

போன மாசம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நீளமாக ஒரு அறிவுரை வந்து விழுந்தது. அனுப்பியவன் என் அண்ணன் மகன் ஜெரால்டு. ஓசூரில் கம்பெனி வேலை. லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுகிற பையன். குடும்பமாக வேன் வைத்து வேளாங்கண்ணிக்குப் போகிறோம், அதற்குத்தான் இந்த முன்னேற்பாடு. விடியறதுக்குள்ளே கிளம்பிடணும். தொப்பூர் இறக்கத்தில் லாரியை ஒட்டிப் போகக் கூடாது. வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு. எல்லாம் சரிதான். கடைசியாக ஒன்று போட்டிருந்தான் பாருங்கள்: “வழி முழுக்க நிறைய தண்ணி குடிங்க. பெரியவங்க முக்கியமா குடிக்கணும்.”

பாலக்கோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இதைப் படித்து எனக்கு வந்த ஆத்திரத்தில், தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கை கோணிக்கொண்டு போய்விட்டது. யாரோ ஒரு மகராசி அதை ஒரு பக்கம் தூக்கினாற்போல்தான் போட்டுக்கொள்ளப் போகிறாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மாரண்டஹள்ளியிலிருந்து என் அக்கா சகாயமேரி குரல் பதிவாகப் பதில் போட்டாள். “எனக்கு முட்டி வலிங்கப்பா. நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க. எனக்கும் சேத்து மாதாகிட்ட வேண்டிக்கங்க.” உடனே ஆளாளுக்குக் கும்பிடுகிற கை பொம்மை அனுப்பினார்கள். முட்டியாவது, வலியாவது! அக்கா ஏன் வரவில்லை என்று அந்தக் குழுவில் இருக்கிற ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். வழியில் ஒண்ணுக்குப் போக இடம் கிடையாது. அவளுக்குச் சர்க்கரை வேறு, அடக்க முடியாது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், அக்காவைப் போல ஊர் சுற்ற ஆசைப்பட்டவள் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாள். வழியில் வருகிற ஊர்ப்பலகை, சிமெண்ட் விளம்பரம், வைத்தியசாலை போர்டு ஒன்று விடாமல் சத்தமாகப் படிப்பாள். அண்ணன் “வாய மூடிட்டு வாயேன் புள்ள” என்பார். “கண்ணு தொறந்துதான இருக்குது, படிக்காம என்ன பண்றது?” என்பாள் அவள்.

என் கடை வாசலைத் தாண்டித்தான் தக்காளி வண்டிகள் மார்க்கெட்டுக்குப் போகும். நசுங்கின தக்காளி வாசம் உள்ளே வந்தாலே எனக்கு வேளாங்கண்ணி ஞாபகம்தான். சிரிக்காதீர்கள். அண்ணன் அந்தக் காலத்தில் தக்காளி லோடு அடிக்கிற டெம்போ வைத்திருந்தார். மாதா திருவிழா வந்தால் அதையே கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டிக் கிளம்பிவிடுவோம். பெண்டு பிள்ளைகள் பின்னால், ஆம்பளைகள் முன்னால். எவ்வளவு கழுவினாலும் அந்தப் புளிச்ச வாசம் போகாது. “வேளாங்கண்ணி வரைக்கும் ரசச் சட்டிக்குள்ள உக்காந்துட்டுப் போறமாதிரி இருக்குதுடி” என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே முதல் ஆளாக ஏறுகிறவளும் அவள்தான்.

போய்விட்டு வந்ததும் ஊருக்குள் பயணக்கதை இரண்டு இடத்தில் ஓடும். ஆம்பளைகள் டீக்கடையில் பேசுவார்கள். எந்த ரோடு குழி, எங்கே டீசல் நன்றாக இருக்கும், எந்தக் கடையில் புரோட்டா. பொம்பளைகள் பேசுவது தோட்டத்தில் தக்காளி தரம் பிரிக்கிற இடத்தில். அடுத்து எந்த வீடு கிளம்பப் போகிறதோ அந்த வீட்டுப் பெண்கள் அக்காவைத் தேடிக்கொண்டு அங்கே வருவார்கள். அவள் கூடையில் கையை வைத்தபடியே வரிசையாகச் சொல்லுவாள். முந்தின நாள் பொழுதோடே தண்ணியை நிறுத்திடு. வழியில் தாகம் எடுத்தால் வாயை மட்டும் கொப்புளித்துத் துப்பு. தர்பூசணி ஆகவே ஆகாது. பொரி தின்னு, அது ஈரத்தை இழுத்துக்கும். சுடிதார் வேண்டாம், புடவைதான் மறைப்பு. நாமக்கல் தாண்டினதும் ஒரு செங்கல் சூளை, பின்னாடி வேலிகாத்தான் புதர் இருக்குது, ஆனா பாம்பு பாத்துப் போ. கோவிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. ஜபமாலையைக் கூட மறந்துவிட்டுப் போவார்கள், அக்கா சொன்னதை மறக்க மாட்டார்கள்.

அக்காவுக்கு இன்னொரு யுக்தியும் உண்டு. முகூர்த்த நாளாக இருந்தால் ரோட்டோரம் கல்யாண மண்டபத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுவாள். ஒரு வருசம் நாமக்கல் பக்கம் அப்படித்தான், வேண்டுதலுக்குக் கட்டின காவிப் புடவையோடு நாங்கள் நாலைந்து பேர் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டோம். காவி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு யாராவது போவார்களா? வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பொண்ணு வூடா, மாப்ள வூடா?” என்றாள். “ரெண்டு வூட்டுக்கும் வேண்டியவங்கதான் கண்ணு” என்று சொல்லி, சந்தனத்தையும் தொட்டுக்கொண்டு அக்கா விறுவிறுவென்று பின்பக்கம் போய்விட்டாள். போன காரியம் முடிந்து திரும்பினால், பெரியவர் ஒருத்தர் கையைப் பிடிக்காத குறையாகக் கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். இரண்டாவது பாயசம் வருகிறபோது வெளியே டெம்போ ஹாரன் அலறுகிறது. அண்ணனுக்கு அன்றைக்கு வந்த கோபம் திருச்சி தாண்டியும் தணியவில்லை. ஏன் உள்ளே போனோம் என்று கடைசிவரை அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

இப்படிச் சுற்றி வளைத்துத் தவித்த காலத்தில்தான் முசிறிக்கு முன்னால் அந்த வாழைத்தோட்டத்து வீடு கிடைத்தது. அக்காவுக்கு அன்றைக்கு முடியவே முடியவில்லை. “நிறுத்துண்ணா, வாழப்பழம் வாங்கணும்” என்று கத்தினாள். ரோட்டோரம் ஒரு அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அக்கா பழம் என்ன விலை என்று ஆரம்பிப்பதற்குள் அந்தம்மா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பின்னாடி இருக்கும்மா, போ. தொட்டி நெறைய தண்ணி கெடக்கு” என்றார். தகரக் கதவு, உள்ளே நல்ல தாழ்ப்பாள், சுத்தமான சிமெண்ட் தரை. நாங்கள் ஒவ்வொருத்தராகப் போய்விட்டு வந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தபோது அந்தம்மா சொன்னார்: “நானும் பஸ்ஸுல பொறந்த வூட்டுக்குப் போயி வந்தவதானே. எனக்குத் தெரியாதா?”

அதற்குப் பிறகு வருசா வருசம் அங்கே வண்டி நிற்கும். நாங்கள் ஒரு கூடை தக்காளி இறக்குவோம், அந்தம்மா ஒரு தார் பழம் ஏற்றுவார். அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, “எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு அந்தப் பழம் வாங்கலன்னா வண்டி நவுராதுங்க. அப்படி என்னாதான் ருசியோ!” என்று பேசப்போய், மற்ற வண்டிக்காரர்களும் அங்கே நிறுத்த ஆரம்பித்தார்கள். நம்ம பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அந்தத் தகரக் கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள். ஆம்பளைகளைக் கேட்டால் அது நல்ல பழம் கிடைக்கிற இடம், அவ்வளவுதான்.

பிறகு அண்ணன் டெம்போவை விற்றார். எனக்குக் கடை, பிள்ளைகள். அக்காவுக்கும் சர்க்கரை வந்தது. ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் வருவதை முதலில் குறைத்தாள். ஒரு தடவை கல்யாணத்துக்குச் சேலம் தாண்டிப் போனபோது, போக வர முழுக்க அடக்கி வைத்து, காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். நீரில் கிருமி சேர்ந்துவிட்டதாம். “ஏம்மா அடக்கி வெச்சீங்க?” என்று டாக்டர் கேட்கிறார். கேட்கிறார் பாருங்கள் கேள்வி! அடக்காமல் எங்கே போவது, அவர் சட்டைப் பையிலா? அன்றிலிருந்து அக்காவுக்கு வெளியூர் என்றாலே முட்டி வலி.

அதனால்தான் ஜெரால்டு போட்ட அறிவுரைக்குக் கீழே நான் பச்சையாகவே எழுதினேன். “அக்காவுக்கு முட்டி வலி இல்லை. வழியில் ஒண்ணுக்குப் போக இடமில்லை. அதனால் தண்ணீரும் குடிக்க முடியாது, வேனிலும் ஏற முடியாது. இதற்கு ஒரு அறிவுரை சொல்லுங்கள்.” எல்லாரும் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி வந்தது. பதிலுக்கு ஒரு பொம்மை கூட வரவில்லை. முன்பாவது தக்காளிக் கூடையைச் சுற்றி நாங்கள் மட்டும் இருந்தோம், பேசினோம். இப்போது குழுவில் மாமனார், மருமகன் எல்லாரும் இருக்கிறார்கள். எந்த மருமகள் எழுதுவாள்?

கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் போட்டார். “ஏம்மா, மாப்ளைங்கல்லாம் இருக்கிற குரூப்பு. அதுல போயி இதையெல்லாமா எழுதுவாங்க?”

“ஏண்ணா, மாப்ளைங்க ஒண்ணுக்கே போறதில்லீங்களா?” என்றேன். வைத்துவிட்டார்.

ஜெரால்டைக் குறை சொல்ல மாட்டேன். அவனே கூப்பிட்டு, “நான் இத யோசிக்கவே இல்லீங்க அத்தை” என்றான். “டோல்கேட்ல எல்லாம் இருக்குது, மேப்லயே காட்டுது. பெரியத்தைய தைரியமா வரச் சொல்லுங்க.” நான் மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிசம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம், “மேப்புல இருந்தா ஆச்சா? நீ போயி கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுடி. நீ சொன்னா அடுத்த வருசம் வரேன். அந்த வாழத்தோட்டத்து அக்கா வூடு இருக்குதான்னும் பாத்துட்டு வா. அது ஒண்ணு இருந்தாலே போதும்” என்றாள்.

அப்படித்தான் நான் போனேன். மாதாவைப் பார்க்கப் போனேனா, கக்கூஸ் பார்க்கப் போனேனா என்று கேட்டால், மாதா மன்னிக்கட்டும், இரண்டாவதுதான்.

முதல் டோல்கேட்டில் பளபளவென்று கட்டடம், சுவரில் பெண் படம், கதவில் பூட்டு. சாவி எங்கே என்றேன். “சூப்பர்வைசர்கிட்ட இருக்குதுங்க. சாப்பிடப் போயிருக்காரு” என்றான் அங்கே நின்றவன். எப்போது வருவார்? தெரியாதாம். “எங்க வண்டி வந்ததும் கேக்காமயே காச எடுத்துக்குதே உங்க மிசினு, அதுக்கு மட்டும் சாவி வேணாமா?” என்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்து ஒரு பெட்ரோல் பங்க். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஆயில் டப்பா, ஒடிந்த நாற்காலி, துடைப்பக்கட்டு. கால் வைக்க இடமில்லை. அப்புறம் ஒரு பெரிய ஓட்டலில் இருந்தது, சுத்தமாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாடியில். செங்குத்துப் படி. அக்காவுக்கு நிஜமாகவே முட்டி வலி வந்துவிடும். இதற்கு நடுவில் எங்கள் வேனில் இருந்த ஆம்பளைகள் ரோட்டோரம் எத்தனை தடவை இறங்கினார்கள் என்று நான் எண்ணவில்லை. சுவர், மரம், மைல்கல், எதையும் விடவில்லை. ரோடு முழுக்க அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது போல.

முசிறி நெருங்கும்போது, வேன் ஓட்டிய ஜெரால்டை மெதுவாகப் போகச் சொன்னேன். வாழைத்தோப்பு இருந்தது. வீடு இல்லை. ரோட்டை அகலப்படுத்தியதில் வாசல், வீடு, பின்னால் தகரக் கதவு, எல்லாம் தாருக்கு அடியில் போயிருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் விசாரித்தேன். “யாரக் கேக்குறீங்க? பேரு என்னா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருசம் போயிருக்கிறோம், பேர் கேட்கத் தோன்றவில்லை. வீடு இருந்த இடத்தைக் கை காட்டினேன். “அந்தம்மாவா? வூடு இடிச்சதும் மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே” என்றார். அண்ணன் வேனிலிருந்து தலையை நீட்டி, “என்னாம்மா, பழம் இல்லயா?” என்று கேட்டார். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

ஊர் திரும்பிய மறுநாளே மாரண்டஹள்ளிக்குப் போனேன். மாதா கோவில் எண்ணெய், மெழுகுவத்தி, பொரிப் பொட்டலம் எல்லாம் எடுத்துவைத்தேன். அக்கா எண்ணெயை நெற்றியில் தொட்டுக்கொண்டு மற்றதை ஓரமாகத் தள்ளினாள்.

“வழி எப்படிடி?”

பூட்டிலிருந்து படி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். பொய் சொன்னால் அடுத்த வருசம் கிளம்பி வந்துவிடுவாள், அவஸ்தையும் அவளே படுவாள்.

“அந்த அக்கா வூடு?”

“ரோடாயிடுச்சுக்கா.”

அக்கா எழுந்துபோய்க் குடத்தில் சொம்பை முக்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் முழுச் சொம்பையும் குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டாள். அதையும் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எனக்கென்னாடி. வூட்லதான இருக்கப் போறேன்.”