செருப்புக் காவல்

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. தாம்பரத்தில் ரயில் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பட்டணம் பார்க்க வரும் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். இருபத்தாறு வருடங்களாக அவர்களை வண்டலூருக்கும் கோவளத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டே இருக்கிறோம். கடற்கரைக்குப் போனதும் எல்லோரும் செருப்பையும் பையையும் என் முன்னால் குவித்துவிட்டு ஓடிவிடுவார்கள். யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே. அந்த ஒருவர் எப்போதும் நான்தான். இத்தனை தடவை போயும் கோவளத்துத் தண்ணீரில் நான் கால் வைத்ததில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மகள் வேலைக்காக வெளியூர் போனபின், போன வருடம் என் கணவருக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. "எங்கயாவது டூர் போலாமா?" என்றார்.

"டூரெல்லாம் வேணாங்க. நாம ரெண்டு பேர் மட்டும் கோவளம் போய்ட்டு வரலாம். நான் கடல்ல கால் நனைக்கணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிவதற்கு முன்னால் எழுந்து புளிசாதம் கிளறினேன். டப்பாவை மூடும்போதுதான் தெரிந்தது, எட்டுப் பேருக்குக் காணும். கை அப்படிப் பழகிவிட்டது. அதையும் சுமந்துகொண்டு கிளம்பினோம்.

முதலில் வண்டலூர் ஜூ, அப்புறம் கடல் என்பது அவருடைய திட்டம். போனால் வாசல் பூட்டிக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறையாம். பக்கத்திலேயே குடியிருக்கிறோம், எத்தனையோ பேரைக் கூட்டிவந்திருக்கிறோம். ஆனால் விருந்தாளிகள் வருவது சனி, ஞாயிறில்தானே? செவ்வாய்க்கிழமையைப் பற்றி எங்களுக்கு எப்படித் தெரியும்!

"கூட்டமே இருக்காதுன்னுதான் இன்னிக்கு வச்சேன்" என்றார். கூட்டம் இல்லைதான்.

பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்து, கேளம்பாக்கம் வரை நின்றுகொண்டே போனோம். அவர் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "இது இன்ஜினியரிங் காலேஜ். அதோ மலை தெரியுது பாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். "யாருக்குங்க சொல்றீங்க?" என்றேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோவளத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை. தலை வலித்தது, முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தன. மணலில் கால் வைக்க முடியவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் போய்ச் சரிந்தேன். சாப்பிட்டோம். டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம். வெயில் தாழட்டும், அப்புறம் இறங்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு குடும்பம் வந்து நின்றது. அதில் ஒரு பெண், "அக்கா, இங்கதான இருப்பீங்க? செருப்பக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஏழு ஜோடி. முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது. அவர்கள் மேல் கோபமில்லை, சரி என்று சொன்ன என் வாயின் மேல்தான். அழுகை வந்துவிட்டது.

கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுந்திரு" என்றார். "இத நான் பாத்துக்கறேன். நீ போ."

போனேன். தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டது. உடனே திரும்பி, கரையைப் பார்த்து நின்றுகொண்டேன். அவர்களுடையது ஏழு ஜோடி, எங்களுடையது இரண்டு, பை, டப்பா. ஒரு நாய் வேறு மோப்பம் பிடித்துக்கொண்டு திரிகிறது. இவருக்கோ கண் சொக்குகிறது. மீன் கூடையோடு அந்தப் பக்கம் வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, கடலு அந்தாண்ட கீது. நீ இந்தாண்ட இன்னாத்த பாத்துகினு கீறே?"

அந்த அம்மாவின் குரல் படகு வரை கேட்டிருக்க வேண்டும். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என் செருப்பை எடுத்து, கைக்கு ஒன்றாகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நாலு பேர் பார்த்தார்கள், சிரித்தார்கள். அவர் இறக்கவில்லை.

பாவம், கை வலிக்குமே என்றுதான் கடல் பக்கம் திரும்பினேன்.