குதிகால் படுகிறதா

சுனாமிக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அந்தமானின் மாயாபந்தரில் எங்களிடம் எதற்கும் ஒரே பதில்தான் இருந்தது: "மெயின்லேண்ட் போறப்போ பாத்துக்கலாம்." அரசு வேலைக்காரர்களான எங்களுக்கு விடுமுறைப் பயணம் வரும்வரை சொத்தைப் பல் காத்திருக்கும், மூக்குக்கண்ணாடி காத்திருக்கும், மாப்பிள்ளை தேடுவதுகூடக் காத்திருக்கும். சென்னையில் கப்பலை விட்டு இறங்கியதும் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக முடித்துக்கொண்டு திரும்புவோம்.

நாற்பதை நெருங்கும்போது எனக்குப் பிறந்த மகள் மட்டும் காத்திருக்கவில்லை. இரண்டு மாதம் முந்திக்கொண்டு போர்ட் பிளேரில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தபோது டாக்டர் சொன்னார்: வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள், சில மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டுங்கள். நாங்கள் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டோம். அவள் எதிலாவது பிந்தினால் ஒரு கணக்கு, முந்தினால் இன்னொன்று.

கழுத்து நிற்கத் தாமதமானது. உட்காரவும் இல்லை. ஆனால் ஒரு நாள் அக்குளில் கைகொடுத்து மடியில் நிறுத்தியபோது, இரண்டு கால்களையும் கம்புபோல் நீட்டி நின்றாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளிப் பெண் கைதட்டினாள்.

"அரே தீதி, உக்காரவே இல்ல, அதுக்குள்ள நின்னாச்சா!"

என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் நிறுத்திக் காட்டினார். "அவசரக்காரி. பொறக்கவும் அவசரம், நிக்கவும் அவசரம்."

துணி மாற்றும்போது எனக்கு வேறு மாதிரித் தெரியும். தொடைகளை விலக்க முடியாது. விட்டால் கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நிற்கும்போது விரல்கள்தாம் என் மடியில் குத்தின. குதிகால் பட்டதே இல்லை.

"போர்ட் பிளேர் போய்க் காட்டலாங்க."

"மே மாசம் லீவு வருது. சென்னையிலயே பெரிய டாக்டரா பாத்துடலாம். இந்த ரோட்டுல கொழந்தைய உலுக்கிக்கிட்டுப் போகணுமா?"

"பல்லு காத்திருக்கும். காலு காத்திருக்குமா?"

அவர் சாயங்காலம் பஸ் டிக்கெட்டோடு வந்தார்.

காட்டுச் சாலை முழுவதும் அவள் அழுதாள். பழங்குடிகளின் காடு என்பதால் வண்டிகள் சேர்ந்துதான் போகவேண்டும்; அதற்காகக் காத்து நின்ற இடத்தில் மட்டும் தூங்கினாள். ஆஸ்பத்திரியில் என் கணவர் முதல் வேலையாக அவளைத் தூக்கி நிறுத்தினார். "பாருங்க டாக்டர், நல்லா நிக்கிறா."

டாக்டர் அவளை வாங்கிப் படுக்கவைத்தார். கால்களை மெல்ல மடக்கினார், விரித்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"நிக்கலைங்க. கால் வெறச்சுக்குது. கொறமாசத்துல பொறந்த கொழந்தைங்க சிலதுக்கு இப்படி வரும். இனிமே நிக்க வைக்காதீங்க."

"சரியாயிடுமா?" என்றேன்.

"முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த வயசுல பயிற்சி கொடுத்தா நெறைய வரும். நல்ல வேளை, இப்பவே வந்தீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மாள், "பாப்பா நிக்குமா?" என்று கொஞ்சினார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயிற்சிக்காக மாற்றல் கேட்டு வாங்கி, போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் குடியேறினோம். காலையும் மாலையும் கால்களை நீவி, விரித்து, என் தொடையின் இரு பக்கமும் தொங்கவிட்டு உட்காரவைப்பேன். அவள் கத்துவாள். அடுத்த அறையில் அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அந்த மே மாதம் சென்னைக் கப்பல் சங்கு ஊதியபோதும் அவள் கால்கள் என் கையில்தான் இருந்தன.

மிகவும் தாமதமாகத்தான் நடந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள், பூட்சுக்குள் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு. இடது குதிகால் தரையில் படுகிறது. வலது சில நாள் படும், சில நாள் படாது. மலை இறக்கத்தில் நான் எப்போதும் அவளுக்குப் பின்னால்தான் நடக்கிறேன்.

"அம்மா, என் காலையே பாக்காத. ரோட்டப் பாத்து வா, விழுந்துடுவ."

சரி என்கிறேன். பின்னாலிருந்தால்தான் வலது குதிகால் தெரியும்.